குதிரையின் வலது முன்னங்கால்

"குதிரை மேல உக்காந்துக்கினு இருக்காரே, அவரு எப்பம்மா எறங்குவாரு?"

தனுஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் நட்டிருந்த பலகைக்கல்லைக் காட்டிக் கேட்டாள். இடுப்பளவு உயரக் கல். அதில் ஒரு குதிரை, குதிரைமேல் ஈட்டியைத் தூக்கிப் பிடித்த ஓர் ஆள். மஞ்சளும் எண்ணெயும் பூசிப் பூசி அந்த ஆளின் முகம் மழுங்கிப்போயிருந்தது. அம்மா கோகிலவாணி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்த பகலவன்தான் மகளுக்குப் பதில் சொன்னான்.

"அவரு எறங்க மாட்டாருடி. அதனாலதான் நாம எறங்கறோம்."

வெள்ளேரியில் அதுதான் வழக்கம். கரைமேல் போகிற யாரும் அந்தக் கல்லைத் தாண்டும்போது வண்டியில் உட்கார்ந்திருக்கக் கூடாது. சைக்கிளோ மொபெட்டோ, இறங்கி இருபதடி தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஏற வேண்டும். கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்காரர்கள் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி எடுத்துவிட்டு ஓட்டுவார்கள். டவுன் பஸ் மட்டும் ஹாரன் அடித்துவிட்டுப் போகும். டிரைவர் வெளியூர்க்காரர், முனி கண்டுகொள்ள மாட்டார் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

கல்லில் இருப்பவர் குதிரைக்கார முனி. ஒரு காலத்தில் மலையடிவாரத்து ஊர்களைக் கொள்ளையடிக்கக் குதிரைப்படை ஒன்று வந்ததாம். நவாப்பின் ஆட்கள் என்பார் ஒருவர், பக்கத்துப் பாளையக்காரன் ஆட்கள் என்பார் இன்னொருவர். களத்தில் நெல் குவிந்திருந்த நேரம். ஊரில் குதிரை வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். தனியாகப் போய்க் கரையில் மறித்தார். குதிரையின் வலது முன்னங்காலை அவர்கள் வெட்டிவிட்டார்கள். இறங்கி ஓடிப்போ, உயிரோடு விடுகிறோம் என்றார்களாம். அவர் இறங்கவில்லை. மூன்று காலில் நின்ற குதிரையின்மேல் உட்கார்ந்தபடியே செத்தார். கதையை யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் அந்த இடத்தை மட்டும் மாற்ற மாட்டார்கள்.

தனுஷா இப்போது பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். பகலவன் இல்லை. போன வருடத்துக்கு முந்தைய ஆனியில் டவுனில் விஷச்சாராயம் குடித்துச் செத்தவர்களில் அவனும் ஒருவன். அவன் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான், பேப்பரில், செத்தவர்கள் பட்டியலில்.

அவன் விட்டுப்போனது ஒரு குதிரை. ஒன்பதடி உயரத்தில் சிமெண்டுக் குதிரை.

சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் முனிக்குப் பெரிய பெரிய குதிரை நிற்கிறது, நம் ஊரில் மட்டும் பலகைக்கல்லா என்று கோயில் தருமகர்த்தா சுப்புராயன்தான் ஆரம்பித்தார். பகலவன் வீடு கட்டும் கொத்தனார். இளவயதில் சிலை வேலைக்காரர் ஒருவரிடம் நான்கு வருடம் இருந்தவன். நானே கட்டுகிறேன் என்று முன்னால் வந்தான். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் மேடை எழுப்பி, சித்திரையில் கம்பி கட்டினான். வைகாசி முடிவதற்குள் கால், வயிறு, கழுத்து, தலை எல்லாம் வந்துவிட்டது. மேலே ஆள் மட்டும்தான் பாக்கி. ஆனியில் அவன் செத்தான். செத்தவன் கை வைத்த வேலை, அதுவும் இப்படிச் செத்தவன் என்று ஊரில் இழுபறி. வசூல் நின்றது. இரண்டு மழைக்காலம் குதிரை ஆளில்லாமல் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெயிலுக்கு அதன் வயிற்றுக்கடியில் நிற்பார்கள். சைக்கிளில் போகத் தொடங்கும் வரை தனுஷாவும் அங்கே நின்றவள்தான். கால்களுக்கு நடுவே பைகளைப் போட்டுவிட்டு ஓடிப்பிடித்து விளையாடுவார்கள்.

மாசியில் சுப்புராயன் மறுபடி ஊரைக் கூட்டினார். முனியிடம் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது. குதிரை இருக்கட்டும், ஆளை ஏற்றுங்கள் என்று முனி சொல்லிவிட்டதாக ஆயிற்று. கடலூர் பக்கத்திலிருந்து சிவசங்கர் மேஸ்திரி வந்தான். வெள்ளேரியில் இரண்டு சித்தாள் கேட்டான். கோகிலவாணியும் ஆயம்மாளும் போனார்கள்.

வேலை தொடங்கிய அன்று சுப்புராயன் கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"மேடையில கல்வெட்டு ஒண்ணு வெக்கறோம். உன் புருசன் பேரையும் போட்டுடறேன். குதிரை அவன் கட்டுனதுதானே. நாளைக்கி யாரும் இல்லன்னு சொல்லக் கூடாது பாரு."

"சரிங்க" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். தலைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டு மணல் சலிக்கப் போனாள். போகும்போது குதிரையின் வலது முன்னங்காலைப் பார்க்காமல் போனாள்.

பங்குனி வெயில். கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியாமல் புகைந்துபோயிருந்தது. வெட்டு முடிந்த கரும்புக் கொல்லைகளில் காய்ந்த சோகையைக் கொளுத்தியதில் கரித்தூள் பறந்து வந்து சாந்தில் விழுந்தது. சாரத்தின்மேல் உட்கார்ந்து சிவசங்கர் குதிரையின் முதுகைக் கொத்திக் கம்பியை வெளியே எடுத்தான். பெண்கள் இரண்டு பேரும் கீழிருந்து தண்ணீரும் சாந்தும் ஏற்றினார்கள்.

மதியம் வேப்பமரத்தடியில் மூன்று பேரும் தூக்குகளைத் திறந்தார்கள். கேழ்வரகுக் கூழ், வெங்காயம், ஆயம்மாள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு.

"மேஸ்திரி காயிதத்துல வரைஞ்சு வெச்சிருக்காரே, பாத்தியாடி கோகிலா மீசைய?" என்றாள் ஆயம்மாள். "ரெண்டு பேரு தூளி கட்டித் தூங்கலாம் அதுல."

"மீசை இல்லாம முனியா யக்கா?" என்றான் சிவசங்கர். "மீசை சின்னதா வெச்சா ஊர்ல சண்டைக்கு வராங்க."

"எங்க வூட்டுக்காரனுக்குங்கூட மீசை பெருசுதான். ஆட்டைப் புடிடான்னா எம் பின்னால வந்து நிப்பான்."

"குதிரை வாங்கிக் குடுத்துப் பாரு."

"குதிரை வாங்கிக் குடுத்தா வித்துட்டு வந்துடுவான்."

கோகிலவாணியும் சிரித்தாள். சிவசங்கர் வெங்காயத்தைக் கடித்தபடி குதிரையை அண்ணாந்து பார்த்தான்.

"கோகிலாக்கா, உம் வூட்டுக்காரரு கைக்காரருதான். நான் உம் மொகத்துக்காகச் சொல்லல. அந்த மூக்குத் தொளையப் பாரு. ஓடி வந்து நின்ன குதிரைக்குத்தான் அப்படி விரியும். நான் கட்டுனா பொம்மை மாதிரி இருக்கும். இது மூச்சு வுடுது."

அவள் கூழைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஆளு எம்மாம் பாரம் வரும் மேஸ்திரி?"

"ஒரு டன்னுக்கு மேல வரும். கேடயம், கத்தி, கிரீடம்னு தருமகர்த்தா கேக்கறதெல்லாம் வெச்சா இன்னும் ஜாஸ்தி."

"தாங்குமா?"

"தட்டிப் பாத்தேன். மூணு காலு கணீர்னு இருக்குது. முன்னால வலது காலு சத்தம் கொஞ்சம் கம்மி. பூச்சு கனமா வெச்சிருப்பாரு."

ஆயம்மாள் குழம்பை வழித்து ஊற்றினாள். "முனி குதிரைக்கு அப்பவும் அந்தக் காலுதானே போச்சு" என்றாள் பேச்சுவாக்கில்.

கோகிலவாணி அதற்குமேல் குடிக்கவில்லை. மீதிக் கூழைத் தூக்கிலேயே மூடினாள்.

பகலவன் குதிரை கட்டிக்கொண்டிருந்த அந்த வைகாசியில் ஒரு புதன்கிழமை அது. இடது முன்னங்கால் முடிந்து வலதுக்குப் பலகை அடைத்திருந்தார்கள். பத்து மணிக்கு டீ குடிக்கப் போன பகலவன் இரண்டு மூட்டை சிமெண்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். காலனியில் ஒருவர் வீட்டுக்கு மதில் எழுப்பிக்கொண்டிருந்தார். பகலவன் மத்தியானம் திரும்பி வரும்போது சைக்கிள் காலியாக இருந்தது. அவன் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தான். குடித்தால் அவன் யாரையும் அடிக்க மாட்டான். சிரிப்பான். பாட்டுப் பாடுவான். அன்றைக்கும் பாடிக்கொண்டே பலகையைத் தட்டிச் சரிசெய்தான்.

"சிமெண்டு அரை மூட்டதான்யா இருக்குது" என்றாள் அவனுக்குச் சித்தாளாக நின்ற கோகிலவாணி.

"மணலை ஜாஸ்தி போடு."

"காலு நிக்குமா?"

"அவரு ஏறப்போற குதிரை. அவரு தாங்கிக்க மாட்டாரா? போடுடி."

அவள் போட்டாள். ஒன்றுக்கு நான்கு போடுகிற இடத்தில் ஒன்றுக்குப் பத்து. சாந்து சாம்பல் நிறம் போய்ச் செம்மண் நிறமாக வந்தது. சட்டி சட்டியாக அவளே தூக்கிக் கொடுத்தாள். மாட்டேன் என்று மண்வெட்டியைக் கீழே போட்டிருந்தால் அவன் அடித்திருக்க மாட்டான். அதுதான் அவளை விடாமல் அரித்தது. மறுநாள் மேலே நல்ல கலவையில் பூசிவிட்டான். மற்ற மூன்று கால்களுக்கும் இதற்கும் கண்ணுக்கு வித்தியாசமில்லை. கழுத்தும் தலையும் கட்டும்போது அவன் குடிக்கவேயில்லை. மேலே நின்று ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினான்.

அவன் செத்தபின் கருமாதி வரைக்கும் அவள் வெளியே வரக்கூடாது. ஆயம்மாளிடம் சொல்லித் தினமும் அந்தக் காலில் சுற்றியிருந்த கோணிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். "ஊரே எழவு வூடாக் கெடக்குது, உனுக்கு குதிரைக் காலு கேக்குதா" என்று ஆயம்மாள் திட்டிக்கொண்டே ஊற்றினாள். கருமாதி முடிந்ததும் இவளே குடம் எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதம் ஊற்றினாள். மணலுக்கு எத்தனை குடம் ஊற்றினாலும் அது மணல்தான் என்று சித்தாளுக்குத் தெரியாதா. தெரிந்தும் ஊற்றினாள். குதிரைமேல் இனி யாரும் ஏறப்போவதில்லை என்று அப்புறம் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தனுஷா தரையில் குப்புறப் படுத்து வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்து அழகாக இருக்கும். கல் கொத்துகிறவருக்குக் கொடுக்க எழுதித் தா என்று சிவசங்கர்தான் அவளிடம் கேட்டிருந்தான்.

"அம்மா, 'குதிரை அமைத்தவர் பகலவன்'னு போடட்டுமா, 'குதிரைச் சிற்பி பகலவன்'னு போடட்டுமா?"

"மேஸ்திரி இன்னா சொன்னாரு?"

"உன் இஷ்டம்னாரு. சிற்பின்னே போடறேன்."

கோகிலவாணி கிழங்கைக் குத்திப் பார்த்தாள். வேகவில்லை.

"நாளைக்கி எந்தப் பரீட்சை?"

"கணக்கு. எம்மா, ஸ்கூல்ல என்னைய இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? பாக்கெட்டு பொண்ணு. பாக்கெட் சாராயம் குடிச்சு செத்தவன் பொண்ணுன்னு. மொதல்ல நான் அழுவேன். இப்ப அழறதில்ல." அவள் ஸ்கேலைத் திருப்பி வைத்தாள். "இனிமே பஸ்ஸுக்கு நிக்கும்போது கல்லுல படிச்சுப் பாக்கட்டும்."

"தனுஷா, அந்தக் குதிரைக்கு…"

"இன்னா?"

மகளின் கன்னத்தில் மை ஒட்டியிருந்தது. இரண்டு வருடத்தில் அவள் முகம் இப்படித் தெளிந்து இவள் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்ல. எழுந்து வா, கெழங்கு வெந்துடுச்சு."

கிழங்கு இன்னும் வேகவில்லை. அரைவேக்காட்டிலேயே இருவரும் தின்றார்கள். தனுஷா கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆளுக்குக் கம்பி ஏற்ற நல்ல நேரம் பார்த்திருந்தார்கள். பூசாரி பச்சமுத்து தேங்காய் உடைத்தார். சுப்புராயன் வெள்ளை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர். பரீட்சை முடிந்த பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வழக்கம்போலக் குதிரையின் வயிற்றுக்கடியில் பைகளைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தனுஷாவும் சைக்கிளில் வந்தாள். கல்லுக்கு முன்னால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அம்மாவைப் பார்த்து விரலை ஆட்டினாள். கணக்கு நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம்.

"நேரம் போய்க்கினு இருக்குது மேஸ்திரி. கம்பிய ஏத்து" என்றார் சுப்புராயன்.

ஒரு சின்னப் பையன் வலது முன்னங்காலைக் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கோகிலவாணி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரு நிமிசங்க."

"இன்னா கோகிலா?"

"அந்த வலது காலு பலமில்லைங்க."

"யாரு சொன்னா?"

"நான்தாங்க சொல்றேன்."

"ரெண்டு மழையத் தாங்கிக்கினு நின்னுச்சே. இப்ப இன்னா வந்துச்சு?"

"சும்மா நிக்கத் தாங்குங்க. ஆளு ஏறுனா தாங்காது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிவசங்கர் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். அவளை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ஐயா, மழையில ஊறியிருக்கும். எனக்கும் ஒரு சந்தேகந்தான். சுத்திக் கம்பி கட்டி ஒரு பூச்சு குடுத்துட்டா சரியாயிடும். ரெண்டு நாள் வேலை."

அவன் திறந்துவிட்ட வழி அவளுக்குத் தெரிந்தது. அதில் போயிருக்கலாம்.

"உள்ள இருக்கறது மண்ணு மேஸ்திரி" என்றாள். "அது மேல எதைப் பூசுனாலும் நிக்காது. ரெண்டு மூட்டை சிமெண்டை அவரு வித்துட்டாருங்க ஐயா. அன்னிக்கி கலவை போட்டது நான். ஒண்ணுக்குப் பத்து போட்டேன்."

"தெரிஞ்சே போட்டியா?"

"தெரிஞ்சேதாங்க."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று தேங்காய்ச் சில்லுக்காக இறங்கி இறங்கி ஏறியது. சுப்புராயன் நாற்காலியிலிருந்து எழுந்து பிள்ளைகளைக் கையால் விரட்டினார். "தள்ளுங்கடா. இந்தாண்ட வாங்க." அவர்கள் பைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"குடிச்சது அவன். மூடி வெச்சது நீ" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு வருசமா இதுங்க அடியில நிக்கறத நீயும் பாத்துக்கினுதானே இருந்த?"

"அதுல எம் பொண்ணும் ஒருத்திங்க."

சிவசங்கர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். மேல்பூச்சு பெரிய சில்லாகப் பெயர்ந்தது. அடுத்த தட்டுக்கு உளி வேண்டியிருக்கவில்லை. சுத்தியல் பிடியால் இடித்தபோதே செம்மண் நிறத்தில் பொலபொலவென்று கொட்டியது. அதனோடு ஒரு பீடித்துண்டும் விழுந்தது. நூல் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. சிவசங்கர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மேடைமேல் வைத்தான்.

"அந்தக் காலை மட்டும் மாத்த முடியாதா மேஸ்திரி?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

"முட்டுக் குடுத்து மாத்தலாம் யக்கா."

"வேணாம்" என்றார் சுப்புராயன். "ஒரு கால்ல திருடுனவன் மத்த மூணுல திருடலன்னு யாரு கண்டா? ஒடைச்சிடு. புதுசாக் கட்டு."

"மத்ததெல்லாம் நல்ல வேலைங்க ஐயா" என்றாள் கோகிலவாணி. "அவரு குடிக்காம கட்டுனதுங்க."

அவர் பூசாரியிடம் வேறு நாள் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிக் கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள். தனுஷா நின்ற இடத்தில் சைக்கிள் இல்லை.

வீட்டில் அந்த வெள்ளைத்தாளும் இருந்த இடத்தில் இல்லை. தனுஷா புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். சோறு போட்டால் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீயும் அதுக்கு அடியில நின்னியேடி" என்று ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி சொல்லிப் பார்த்தாள். பக்கம் புரளும் சத்தம்தான் கேட்டது.

பூசாரி பச்சமுத்து பலகைக்கல்லைப் பெயர்த்து, வேட்டியில் சுற்றி மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் வைத்தார். புதுக் குதிரை எழும்பும் வரைக்கும் முனி அங்கேதான். கரையில் யாரும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லியாயிற்று. முதல் நாள் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தவர்கள், பிறகு ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார்கள்.

இடிக்கிற வேலைக்குக் கோகிலவாணியை யாரும் கூப்பிடவில்லை. அவளே போனாள். "நீ இன்னாத்துக்குடி வந்த, வூட்ல கெட" என்றாள் ஆயம்மாள். சிவசங்கர் ஒரு சட்டியை அவள் பக்கம் தள்ளினான். மற்ற மூன்று கால்களையும் உடைக்க அவனுக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. சம்மட்டி துள்ளித் துள்ளித் திரும்பியது. உள்ளே சிமெண்டு கருங்கல் மாதிரி இறுகியிருந்தது. "பாத்தியா" என்றான் அவன் ஒரு தடவை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "பாத்தேன்" என்றாள் அவள். தலையைக் கடைசியில் உடைத்தான். அப்போது அவள் கரைக்குக் கீழே சட்டியைக் கொட்டப் போயிருந்தாள். வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பி வந்தாள்.

கடைசிப் பரீட்சை நாள் காலையில் மேடை கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. வெளியே நீட்டிய கம்பிகளும் கொஞ்சம் சல்லியும்தான் பாக்கி. கோகிலவாணி சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டோரம் நின்ற டிராக்டருக்குப் போய்க்கொண்டிருந்தாள். மொபெட்டில் இரண்டு பேர் இறங்காமல் அவளைத் தாண்டிப் போனார்கள். பால்காரர் கேன்களோடு இறங்காமல் போனார்.

அவர்களுக்குப் பின்னால் தனுஷா வந்தாள். சீருடை, இரட்டைச் சடை, கேரியரில் பரீட்சை அட்டை.

வேப்பமரத்துக்கு முன்னால் அவள் பிரேக் பிடித்தாள். இறங்கினாள். கல் இல்லாத, குதிரை இல்லாத மேடையைப் பார்த்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன், "இனிமே எறங்க வாணாம் பாப்பா, உனுக்குத் தெரியாதா" என்றான். அவள் தள்ளிக்கொண்டே வந்தாள். சட்டியோடு நின்ற அம்மாவின் முந்தானையில் அவள் தோள் உரசியது. நிற்கவில்லை. எப்போதும்போல இருபதடி தள்ளியாயிற்று. பிறகு பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்து மிதித்துப் போனாள்.